அறுபத்து நாலாவது கட்டம்

பெரிய மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவது நமது பத்திரிகைகளில் வெகு காலமாக நடந்து வரும் வழக்கம். பெரிய மலைகளையும் பெரிய நதிகளையும் வர்ணித்து எழுதுவோரும் உண்டு. பெரிய எண் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தால் மட்டும் நேயர்கள் அவசரமாக ஏட்டைப் புரட்டி அடுத்த பக்கத்துச் சித்திரத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்பும் கையுமாக நின்ற கோலம் அவர்கள் மனத்தை விட்டு இன்னும் அகலாததே இதற்குக் காரணம் போலும். இன்று நாம் சொல்லப்போகும் எண்ணின் கையில் பிரம்பு கிடையாது. அதற்குக் கதை உண்டு, உறவினர் உண்டு, ஒரு மூதாட்டியின் சேமிப்பைக் காப்பாற்றிய புண்ணியமும் உண்டு. ஆகையால் கால் மணி நேரம் பொறுமையுடன் உடன் வரும்படி கேட்டுக் கொள்கிறோம்.

எண் இதுதான்: 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் இருபது இலக்கங்கள். வாயால் சொல்ல வேண்டுமானால், 1,84,467 கோடி கோடி; அதன் மேல் 44,07,370 கோடி; அதற்கும் மேல் 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615.

இந்த எண் பிறந்த கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்த சீஸா என்னும் இந்திய அறிஞரைப் பார்த்து, 'வேண்டிய வரத்தைக் கேள்' என்றானாம் அரசன். முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு, இவ்வாறு 64 கட்டங்களுக்கும் இரட்டித்து வைத்துக் கொடுத்தால் போதும் என்றாராம் அறிஞர். அரசன் நகைத்தான், கணக்கர்கள் கணக்கிட்டுப் பார்த்த பிறகு நகைப்பு நின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய இப்னு கல்லிகான் இக்கதையைச் சொல்லுகிறார். மலையாள தேசத்து அம்பலப்புழையிலோ இதே கதை கோயிலுக்கு உரியதாகிவிட்டது. அங்கே அரசனுடன் சதுரங்கம் ஆடி ஜயித்தவர் கிருஷ்ண பகவான். தீராத அந்த நெற்கடனுக்காகவே இன்றளவும் பால் பாயசம் நிவேதனமாகி வருகிறது என்பது அவ்வூர் ஐதிகம்.

கதை எவ்வாறாயினும் ஆகுக, கணக்கு மெய். அதைச் செய்து பார்ப்பதும் அவ்வளவு கஷ்டமன்று. 64 தடவை இரட்டித்து 64 வரிகளையும் கூட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் மலைத்துப் போவார்கள். ஆனால் கி. பி. 1000-ஐ ஒட்டி எழுதிய தம்முடைய காலக்கணித நூலில் அல்பிரூனி இதற்குக் குறுக்கு வழி காட்டியிருக்கிறார். அவர்தாம் பின்னால் நமது தேசத்தின் சாஸ்திரங்களைக் கற்று விரிவாக எழுதிய பேரறிஞர். வழி இது: 2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4. நாலை நாலால் பெருக்கினால் 16. பிறகு 256. பிறகு 65,536. பிறகு 4,29,49,67,296. இன்னும் ஒரு தடவை அதையும் அதனாலேயே பெருக்கினால் முடிந்தது. ஆறே பெருக்கல்கள்! கடைசியில் வந்ததிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால் நமது எண் கிடைக்கும்.

ஒன்றைக் கழிப்பானேன்? இங்கேதான் இந்த எண்ணின் முதற் குணம் இருக்கிறது. 1, 2, 4 இவற்றைக் கூட்டினால் 7. அடுத்த கட்டம் 8. 1, 2, 4, 8 இவற்றைக் கூட்டினால் 15. அடுத்த கட்டம் 16. எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும், அந்தக் கட்டத்தில் உள்ளது அதற்கு முன் வந்த எல்லாக் கட்டங்களின் கூட்டுத் தொகையைவிடச் சரியாக ஒன்று அதிகம். இந்த ஒரு வாக்கியத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இது மிகவும் வேண்டியிருக்கும்.

பலகையின் முதற்பாதியான 32 கட்டங்களில் சேரும் நெல் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295 மணிகள். ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று கொண்டால் இது சுமார் 107 டன். சில லாரிகளில் ஏற்றி அனுப்பிவிடலாம். அரசனுக்கு இது ஒரு பொருட்டே அன்று. பாதி வரையில் அவன் சிரித்துக் கொண்டேதான் இருந்திருப்பான். முழுப் பலகைக்கோ 46,000 கோடி டன்னுக்கு மேல் வேண்டும். உலகமெங்கும் இக்காலத்தில் ஒரு வருஷத்தில் விளையும் நெல் ஏறக்குறைய 80 கோடி டன். ஆகவே உலகத்தார் யாரும் உண்ணாமல் 570 வருஷங்களுக்கு மேல் விளைத்துக் கொடுத்தால்தான் கடன் அடையும். முதற்பாதிக்கும் பிற்பாதிக்கும் உள்ள தாரதம்மியம் இது: முதற்பாதியில் கிடக்கும் ஒவ்வொரு நெல்மணிக்கும் ஈடாகப் பிற்பாதியில் 4,29,49,67,296 மணிகள் கிடக்கின்றன.

* * *

எண்ணின் வெளிப்புறத்தைப் பார்த்தோம். இனி உள்ளே புகுவோம். எந்த எண்ணையும் பகா எண்களாகப் பிரிப்பது, நகையை உருக்கி அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பார்ப்பது போன்ற காரியம். இருபது இலக்க எண்ணைக் கையால் பிரிப்பது சாதாரணமாக ஆயுட்காலத்து வேலை. நமது எண் மட்டும் வெகு தயாள குணம் உடையது. பத்தைப் பத்தால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 99. அது 9-க்கும் 11-க்கும் பெருக்குத் தொகை. இவ்வாறே எந்த எண்ணை அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தாலும், விடை அந்த எண்ணுக்கு ஒன்று குறைந்ததற்கும் ஒன்று கூடியதற்கும் பெருக்குத் தொகையாகவே இருக்கும். அந்த விதியை வைத்து நமது எண்ணைப் பிளந்தால் 4,29,49,67,295, 4,29,49,67,297 என்ற இரண்டு துண்டுகள் விழுகின்றன. முதல் துண்டை மறுபடி பிளந்தால் 65,535-ம் 65,537-ம். 65,535-ஐப் பிளந்தால் 255-ம் 257-ம். 255-ஐப் பிளந்தால் 15-ம் 17-ம். 15-ஐப் பிளந்தால் 3-ம் 5-ம். வெங்காயம் உரிப்பது போல் உரித்துக் கொண்டே வந்தால் கடைசியில் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்ற ஆறு எண்கள் கையில் மிஞ்சும்.

இந்த ஆறு எண்களுக்கும் கணித சாஸ்திரத்தில் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. பிரெஞ்சு தேசத்தில் துலூஸ் நகரத்து நியாய சபையில் உத்தியோகம் பார்த்த பெர்மா என்பவர், ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டே உலகப் புகழ் பெற்றவர். 1640-ம் வருஷத்தில் இவர் இந்த வரிசையை ஆராய்ந்தார். 3 பகா எண்; 5 பகா எண்; 17, 257, 65,537 யாவும் பகா எண்கள். ஐந்தும் சரியாக இருக்கவே ஆறாவதும், அதற்குப் பின் வருவனவும் பகா எண்களாகவே இருக்கும் என்று நம்பினார், நண்பர்களுக்கும் எழுதினார். பெர்மா சொன்னார் என்றால் யார் மறுப்பது? ஏறக்குறைய 90 வருஷங்கள் அது அப்படியே நின்றது.

1732-ம் வருஷத்தில் ருஷிய தேசத்துப் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இருந்த ஆய்லர் என்னும் இளம் கணித நிபுணர் வகுத்துப் பார்த்தார். 4,29,49,67,297-ஐ 641 மீதமின்றி வகுத்தது, ஈவு 67,00,417. ஆறாவது எண் பகா எண் அன்று! இதைக் காண்பதற்கு ஆய்லர் ஆயிரக்கணக்கான எண்களால் வகுத்துக் கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த எண்ணை வகுக்கக் கூடிய பகா எண் எதுவும், 64-ஆல் வகுத்தால் 1 மீதி வருவதாகவே இருக்க வேண்டும் என்று பின்னர் அவரே காரணத்துடன் நிலைநாட்டினார். அத்தகைய பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் அகப்பட்டுவிடுகிறது. இங்கேயும் அந்த 64 வந்து நிற்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

வகுக்காமலே இதைக் காட்டும் அழகான வழி ஒன்றும் உண்டு. 4,29,49,67,296 என்பது 16-க்கும் 26,84,35,456-க்கும் பெருக்குத் தொகை. 16 என்பதை 641-ல் 625 போக மிச்சம் என்று எழுதலாம். 625 என்பது ஐந்தை நாலு தடவை வைத்துப் பெருக்கியது. 26,84,35,456 என்பது 128-ஐ நாலு தடவை வைத்துப் பெருக்கியது. 5-ஐயும் 128-ஐயும் பெருக்கினால் 640. ஆகவே ஆறாவது எண்ணானது, 641-ன் மடங்கு ஒன்றிலிருந்து, 640-ஐ நாலு தடவை வைத்துப் பெருக்கி ஒன்று குறைத்ததைக் கழித்த மிச்சம் ஆகிறது. அப்படிக் குறைத்தது, முன்னே சொன்ன 99-ன் விதிப்படி, 640-க்கு ஒன்று கூடிய 641-ஆல் வகுபடும். மடங்கிலிருந்து மடங்கைக் கழித்தால் மடங்குதானே? பென்சிலும் அரைத் தாள் காகிதமும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பெர்மாவின் நம்பிக்கையைத் திருத்திவிடலாம்.

ஆக, நமது எண்ணின் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஏழும் வெவ்வேறானவை. இவற்றை வேண்டியவாறு சேர்த்துப் பெருக்கினால், 1-ஐயும் முழு எண்ணையும் உட்பட, 128 வகுக்கும் எண்கள் கிடைக்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 64 ஜோடிகள். அதாவது அரசன் கொடுக்க வேண்டிய நெல்மணிகளை நீளமும் அகலமுமாக மீதமின்றிச் செவ்வக வடிவில் பரப்ப வேண்டுமானால் அதற்குச் சரியாக 64 விதங்கள்தாம் உண்டு. 64 கட்டத்தில் பிறந்த எண் மீண்டும் 64-ஐயே காட்டுகிறது! இது தற்செயலாக நேர்ந்த பொருத்தந்தான். ஆனாலும் இதைக் கண்ட அன்று நமக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

ஆய்லர் ஆறாவது எண்ணைத் தள்ளிவிட்ட பிறகு முதல் ஐந்துக்கும் மதிப்புக் குறைந்துவிடவில்லை. 1796-ம் வருஷத்தில் பத்தொன்பது வயது நிரம்பாத காஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், அளவு குறிக்காத கோலையும் வட்டம் வரையும் கருவியையும் மட்டும் கொண்டு பதினேழு பக்கங்கள் உள்ள சம உருவத்தை வரையலாம் என்று காட்டினார். கிரேக்கர்கள் காலத்திலிருந்து ஒருவரும் அறியாதது அது. அதே நியாயப்படி 257 பக்கமும் 65,537 பக்கமும் உள்ள உருவங்களையும் வரையலாம். ஹெர்மெஸ் என்னும் ஜெர்மானியர் 65,537 பக்க உருவத்துக்கு முறை வகுப்பதில் பத்து வருஷங்களைச் செலவிட்டு, 1894-ம் வருஷத்தில் முடித்தார். அவர் எழுதிய காகிதங்கள் ஒரு பெட்டி நிறைய கெட்டிங்கன் சர்வகலாசாலையில் சேர்ந்தன. நமது எண்ணுக்கு இரண்டு அதிகமான எண்தான் பெர்மாவின் வரிசையில் ஏழாவது. அதையும் 1880-ம் வருஷத்தில் லாண்ட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் 2,74,177 என்றும் 6,72,80,42,13,10,721 என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 82. முதல் ஐந்துக்கு அப்பால் பகா எண் ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை.

* * *

இவ்வளவும் வேலையற்றவர்களின் வினோதம் என்று சிலர் கருதலாம். அவர்களுக்காகவே நமது உறவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்குச் சித்தி முறையாகும் ஒரு மூதாட்டி, ஆரம்பப் பாடசாலையில் முப்பது வருஷங்களுக்கு மேல் உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஓய்வின்போது வந்த தொகை ஒன்றுதான் கைம்முதல். அவருடன் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, ஒரு கம்பெனியின் திட்டத்தை அழகிய அச்சுத் தாள்களில் கொண்டு வந்து காட்டினாள். பதினாயிரம் ரூபாய் கட்டிச் சேர வேண்டும். இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். சேரச் சேர மேலே உள்ளவர்களுக்குப் பணம் வரும். "எனக்கு வந்துவிட்டது, இதோ பார்" என்று வங்கிப் புத்தகத்தையும் காட்டினாள். அது பொய் அன்று. மெய்யாகவே அவளுக்குப் பணம் வந்திருந்தது. அவளுக்கு மேலே இருந்த நால்வருக்கும் வந்திருந்தது.

சித்தி நம்மை அழைத்து, "தம்பி, ஐந்து பேருக்குப் பணம் வந்திருக்கிறது. நானும் சேரலாமா?" என்று கேட்டார்.

ஐந்தும் சரியாக இருந்ததைக் கண்டு ஆறாவதை நம்பிய பெர்மாவின் நினைவுதான் நமக்கு வந்தது. வீட்டில் இருந்த சதுரங்கப் பலகையை எடுத்து வைத்து, ஒரு படி புளியங்கொட்டையும் கொண்டு வரச் சொன்னோம். கொட்டைக்கு ஒரு மனிதர் என்று வைத்து, ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று அடுக்கினோம். இருபத்தெட்டாவது கட்டத்தில் 13 கோடியே 42 இலட்சம் பேர் நிற்க வேண்டும். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாடு முழுவதும் சேர்ந்தே 7 கோடியே 21 இலட்சந்தான். முப்பத்து நாலாவது கட்டத்தில் 858 கோடிப் பேர் வேண்டும். பூமியில் அவ்வளவு மனிதர்களே இல்லை.

"முப்பத்து நாலு வரை போக வேண்டாம் அப்பா. நடுவிலே எங்கேயாவது நின்றால்?" என்றார் சித்தி.

அதுதான் சரியான கேள்வி. எங்கே நின்றாலும், கடைசிக் கட்டத்தில் நிற்பவர்கள் அதற்கு முன் வந்த அத்தனை பேரையும்விட ஒருவர் அதிகம். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆகவே அவர்கள் கட்டிய பணம் போனது போனதுதான். கம்பெனிக்காரர்கள் யோக்கியர்களா, அயோக்கியர்களா என்று விசாரிக்கவே வேண்டாம். அவர்கள் அரிச்சந்திரர்களாக இருந்தாலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நஷ்டம் அடைந்தே தீர வேண்டும் என்பது எண்ணின் கட்டளை.

சித்தி பலகையை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் தமக்கு நஷ்டம் வருமா என்று கேட்பார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு. "நான் சேர்ந்தால் யாரைப் போய்ச் சேர்ப்பேன்? என்னிடம் படித்த பிள்ளைகள் வீட்டுக்குத்தானே போவேன்? டீச்சர் சொல்கிறார்களே என்று அவர்களும் கட்டுவார்கள். அப்படியானால் இந்தக் கடைசிக் கட்டத்தில் நிற்கப் போவது அவர்கள்தானே?" என்றார். பிறகு புளியங்கொட்டைகளைக் கூட்டிப் படியில் அள்ளிக் கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சேரவில்லை. ஒரு வருஷத்துக்குள் அந்தக் கம்பெனியின் அலுவலகம் பூட்டப்பட்டது. அந்தத் தெருவிலேயே பலருக்குப் பணம் போயிற்று. சைக்கிளில் பால் விற்கும் ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததும் அதில் அடக்கம். முதலில் பணம் பெற்ற சிநேகிதி தான் சேர்த்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஊரை விட்டே போய்விட்டாள். சித்தியிடம் அவள் பிறகு பேசவே இல்லை. அன்று நாம் வீட்டுக்குள் வைத்துச் சொன்னதைத் தெருவிலும் நின்று சொல்லியிருந்தால் பால்காரரின் பணமாவது தப்பியிருக்குமோ என்று சித்தி சொல்லி வருந்துவது உண்டு. இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து 1978-ம் வருஷத்திலேயே நமது பார்லிமெண்டு சட்டம் செய்திருக்கிறது. ஆயினும் பெயரை மாற்றிக் கொண்டு அவை வந்த வண்ணமாகவே இருக்கின்றன. சட்டம் வந்து சேருவதற்குள் பணம் போய்விடுகிறது. கணக்கோ நம்முடைய வீட்டிலேயே இருக்கிறது.

* * *

நமது எண்ணின் பெயரால் நமது தேசத்தைப் பற்றி வழங்கும் ஒரு கதையையும் சொல்லி முடிக்கிறோம். காசியில் ஒரு கோயில் இருக்கிறதாம். அங்கே மூன்று வைர ஊசிகளும், ஒன்றன்மேல் ஒன்றாக 64 பொன் தட்டுகளும் உள்ளனவாம். சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், தடவைக்கு ஒரு தட்டாக, பூசாரிகள் அவற்றை ஓர் ஊசியிலிருந்து மற்றோர் ஊசிக்கு மாற்றி வருகிறார்களாம். மாற்றி முடிந்ததும் உலகம் அழியுமாம். வேண்டிய அசைவுகள் எத்தனை என்று பார்த்தால், சரியாக நமது எண்தான்! விநாடிக்கு ஓர் அசைவு என்றாலும் 58,000 கோடி வருஷங்களுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதாகச் சாஸ்திரிகள் இன்று சொல்லும் 1,380 கோடி வருஷங்களைப்போல் நாற்பது மடங்குக்கு மேல்! ஆகவே யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

காசிக்குப் போய் அந்தக் கோயிலைத் தேட வேண்டியதும் இல்லை. எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித நிபுணர் 1883-ம் வருஷத்தில் வெளியிட்ட ஒரு விளையாட்டுச் சாமானோடு கூடப் பிறந்த கற்பனை அது. அவர் தம் பெயரின் எழுத்துக்களையே இடம் மாற்றிச் 'சயாம் தேசத்துக் கிளாஸ்' என்று புனைபெயர் வைத்துக் கொண்டார். கோயில் பொய், அசைவுகளின் தொகை மட்டும் மெய். சீஸாவின் அரசனும் ஒருவேளை கற்பனையே. நெல்மணிகளின் தொகை மெய். இக்காலத்துக் கணிப்பொறிகளில் 64 இடங்களிலும் ஒன்றையே நிரப்பினால் எழுதக் கூடிய மிகப் பெரிய எண்ணும் இதுவே. இதனோடு ஒன்றைக் கூட்டினால் அந்த 64 இடங்களும் பூஜ்யமாகிவிடும். கதைகள் தேசத்துக்குத் தேசம் மாறுகின்றன. எண் எந்த தேசத்திலும் ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

நாம் சொன்னோம் என்பதற்காக நேயர்கள் இவற்றில் எதையும் நம்ப வேண்டாம். இன்று மாலை ஒரு தாளை எடுத்து, 67,00,417-ஐ 641-ஆல் பெருக்கிப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையே பெருக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை யாரேனும் அச்சுத் தாளோடு வாசலில் வந்து நிற்கும்பொழுது அந்தப் பென்சில் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.